சளி பிடித்த பாட்டுக்காரர்

பெங்களூரில் ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன், அறுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வந்தபோது ரெக்கார்டு பிளேயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடி வைத்தால் சின்ன சூட்கேஸ் மாதிரி இருக்கும். திறந்தால் மூடிக்குள்ளேயே ஸ்பீக்கர். கரண்டு வேண்டியதில்லை, டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டைகள் போதும். தருமபுரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அதுவரை பாட்டுப் பெட்டி என்றால் கல்யாணத்துக்கு மைக் செட்டுக்காரர் கொண்டுவருவதுதான். கல்யாணமும் இல்லாமல் திருவிழாவும் இல்லாமல், சும்மா உட்கார்ந்து பாட்டு கேட்பதற்காக ஒரு வீட்டுக்குள் பெட்டி வந்திருக்கிறது என்றதும், மாதா கோயில் தெருவில் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, ஏரிப் பக்கத்துக் குடியானவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். வாசலில் பாய் விரித்தோம். பாய் போதாமல் சாக்கு விரித்தோம்.

எல்லாருக்கும் சினிமாப் பாட்டு ஆசை. அண்ணன் உறையிலிருந்து சின்னத் தட்டு ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே ஒரு பிரசங்கம் செய்தான்.

"இது சினிமாப் பாட்டு இல்லீங்க. இவரே எழுதி, இவரே மெட்டுப் போட்டு, இவரே பாடறாரு. நம்ம ஜில்லாக்காரரு."

"எல்லாத்தையும் இவரே செஞ்சா மத்தவங்கல்லாம் எங்க போயிட்டாங்க?" என்றார் அப்பா.

முள் விழுந்தது. ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, ஒரு ஆம்பளைக் குரல். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றொன்றை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற ஆளைப் பற்றிய பாட்டு. பாட்டா, பேச்சா என்றே புரியவில்லை. இழுத்து இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி வந்தது. வரிக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வேறு, பளிச்சென்று கேட்டது. முதல் முறை உறிஞ்சியபோது எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இரண்டாம் முறை உறிஞ்சியபோது அப்பா மெதுவாகச் சொன்னார்:

"பாவம், சளி புடிச்சிருக்குது. மொளகு ரசம் வெச்சுக் குடுத்துப் படுக்க வெக்காம, இழுத்தாந்து பாட வுட்டிருக்கறாங்க."

அவ்வளவுதான். வாசல் முழுக்கச் சிரிப்பு. பாட்டில் செருப்பு கிடைத்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் தட்டை எடுத்து உறையில் போட்டான். இரண்டாவதாக ஒரு தட்டு இருந்தது, அதை எடுக்கவே இல்லை. யாரோ ஓடிப்போய் மைக் செட்டுக்காரரிடம் ஒரு சினிமாத் தட்டும் கடையில் புதுக் கட்டைகளும் வாங்கி வந்தார்கள். பொழுது நன்றாகப் போனது.

எனக்கு அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடிந்திருந்தது. பேச்சை அப்படியே பேசிக் காட்டுவதில் எனக்குப் பெயர் உண்டு. மறுநாளே அந்தப் பாட்டுக்காரரை மூக்கு உறிஞ்சலோடு பாடிக் காட்டினேன். ஈஸ்டர் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும், "அந்தச் சளிக்காரர் பாட்டு ஒண்ணு பாடு" என்று கேட்பார்கள். எனக்கு அது ஒரு சொத்து மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. ஊரில் டெலிபோன் என்ற பொருளைப் பார்த்தவர்களே குறைவு. நானோ காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் ஒயரும் மறு கையில் பென்சிலுமாக, சேலத்தையும் பெங்களூரையும் தருமபுரியோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமும் ஆனது. கணவருக்கு மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. டவுனில் வீடு எடுத்தோம். அவர் தினமும் பஸ்ஸில் போய்வருவார். அண்ணனுக்கு வடக்கே வேலை மாறியபோது, "அங்க யாரு தமிழ்ப் பாட்டு கேக்கப் போறாங்க?" என்று சொல்லி ரெக்கார்டு பிளேயரை எங்களுக்கே கொடுத்துவிட்டான். பெட்டியோடு அந்த இரண்டு தட்டுகளும் வந்தன. நாங்கள் சினிமாத் தட்டுகள் வாங்கிச் சேர்த்தோம். அந்த இரண்டும் அடியில் கிடந்தன. என் கணவருக்கும் நான் சளிக்காரர் பாட்டைப் பாடிக் காட்டியிருந்தேன். அவர் அசல் பாட்டைக் கேட்டதில்லை, நகலைக் கேட்டே வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் என் தொண்டை போய்விட்டது. காலையில் போர்டு முன்னால் உட்கார்ந்து "நம்பர் ப்ளீஸ்" என்றேன். காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நன்றாக வீங்கியிருக்கிறது, தான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரகசியம் பேசுவதுகூடக் கூடாது என்றார். பேசாத ஆபரேட்டரை வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் என்ன செய்வார்கள்? லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் கணவர் கடைக்குப் போய்ச் சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தார்.

"ஆண்டவரு எனக்கும் ஒரு வழி பண்ணியிருக்கறாரு பாரு" என்றார் சந்தோஷமாக. நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவதற்குள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மொரப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். திட்டக்கூட முடியாது. அதனால் பாத்திரங்களை உபயோகிக்கத் தொடங்கினேன். டம்ளரை 'ணங்'கென்று வைத்தால் காப்பி ஆறுகிறது என்று அர்த்தம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தால் நேற்று சொன்னதை மறக்கவில்லை என்று அர்த்தம். இரண்டே நாளில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்தேன். பேச்சில்லாத வீடு எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டாவது கேட்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் சினிமாத் தட்டு ஒன்றுகூட இல்லை. பக்கத்துத் தெருவில் புது வீடு குடி போனவர்கள் மைக் செட்டில் போடுவதற்கென்று மொத்தமாக இரவல் வாங்கிப் போனது ஞாபகம் வந்தது. அடியில் அந்த இரண்டு தட்டுகள் மட்டும் இருந்தன. சரி, சிரிக்கவாவது ஆகும் என்று செருப்புப் பாட்டைப் போட்டேன்.

முதலில் ஆளே வேறு என்று நினைத்தேன். அந்தத் தூக்கக் கலக்கத்தைக் காணோம். குரல் சுறுசுறுப்பாக, நடந்துகொண்டே பேசுகிற மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அன்றைக்கு வாசலில் பாட்டுப் போட்டபோது பெட்டியில் இருந்தது அண்ணன் பெங்களூரில் ராத்திரியெல்லாம் பாட்டுக் கேட்டுக் கேட்டுத் தீர்த்த கட்டைகள். மதியம் அவற்றை வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்துப் போட்டிருந்தான். தட்டு பாதி வேகத்தில்தான் சுற்றியிருக்க வேண்டும். இப்போது என் கணவர் போட்டிருந்தது புதுக் கட்டைகள். மூக்கு உறிஞ்சல் மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் வேகமாக.

செருப்புப் பாட்டு முழுவதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஆள் மிச்சமிருந்த ஒரு செருப்பையும் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார், கண்டெடுக்கிறவனுக்கு ஜோடியாவது கிடைக்கட்டும் என்று. இதற்கா அன்றைக்குச் சிரித்தோம்? சிரிக்க வேண்டிய இடம் அங்கே இருந்தது, நாங்கள் அதற்கு முன்பே சிரித்து முடித்துவிட்டோம்.

திருப்பிப் போட்டேன். அடுத்த பக்கத்தில் இருந்த பாட்டு, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற பெண்டாட்டியைப் பற்றியது. அவள் வாயைத் திறப்பதில்லை. குடத்தை இறக்குகிற விதத்தில், கரண்டியைப் போடுகிற விதத்தில், முறத்தைத் தட்டுகிற விதத்தில் பேசுகிறாள். புருஷன்காரன் ஒவ்வொரு சத்தத்துக்கும் பயந்து பயந்து பதில் சொல்கிறான். கடைசியில் அவள் சாதாரணமாக, சத்தமில்லாமல் ஒரு சொம்பை வைக்கிறாள். அதற்குத்தான் அவன் ரொம்பப் பயப்படுகிறான்.

கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக்கூடத் தொண்டையில் சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்க, ஊமைச் சிரிப்பாகச் சிரித்தேன். முள்ளை எடுத்து மறுபடியும் முதலில் வைத்தேன்.

எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். டெலிபோனில் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, ஒயர் எதற்கு, நானே சேலத்துக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொள்கிறேன் என்று கத்துவார்கள். இன்னொரு வகை, அந்தப் பக்கம் இருப்பது ஒரே ஒரு காது என்று தெரிந்து பேசுவார்கள். இந்த மனிதர் இரண்டாவது வகை. இவர் பாட்டை வாசலில் பாய் விரித்துப் போட்டதுதான் தப்பு. பாட்டு எல்லாரையும் தாண்டிப் போய்விட்டது. வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து கேட்டபோது நேராக என்னிடமே வந்தது.

சாயங்காலம் என் கணவர் வந்தார். பாத்திரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு, உன்னோட சளிக்காரரா? இன்னுமா அவருக்கு சரியாவல?" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இவரவிட நீ நல்லாப் பாடறே" என்றார்.

நான் சிலேட்டில் 'உட்காருங்க' என்று எழுதினேன். இரண்டாவது தட்டைப் போட்டேன். அதில் ஒரு பாட்டு மொரப்பூர் ஸ்டேஷனைப் பற்றி இருந்ததை மதியமே கேட்டு வைத்திருந்தேன். தங்கையை ரயிலேற்ற வந்த அண்ணன், அவளுக்காகக் கொண்டுவந்த சாமான்களை ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் கொடுக்கிறான். மாங்காய், வேர்க்கடலை, ஒரு கோழி. வண்டி நகர்ந்துவிடுகிறது. கோழி அவன் கையிலேயே இருக்கிறது.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொய்யி. அந்த வண்டி மொரப்பூர்ல நிக்கறதே ரெண்டு நிமிசம். இத்தன சாமானு எப்பிடிக் குடுக்க முடியும்?"

நான் முள்ளை எடுத்துத் திரும்ப வைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கோழிய உள்ள வுடவும் மாட்டாங்க. அதுக்குத் தனியா டிக்கெட் போடணும்" என்றார். "இன்னொரு வாட்டி வையி."

அன்றிலிருந்து அவர் அந்தப் பாட்டில் தப்பு கண்டுபிடிப்பதற்காகவே தினமும் கேட்டார். தப்பு ஒன்று கிடைத்தால் முகம் மலர்ந்துவிடும். ஸ்டேஷனில் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் குளித்துக்கொண்டே அந்தக் கோழி இடத்தைப் பாடுவது கேட்டது. என் தொண்டை சரியாகி, பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நான் அவரிடம் முதலில் சொன்னது, "நீங்க அந்த வரிய தப்பாப் பாடறீங்க" என்பதுதான்.

தட்டின் உறைக்குப் பின்னால், இதே பாட்டுக்காரர் ஒரு பெரிய தட்டும் போட்டிருக்கிறார் என்று அச்சடித்திருந்தது. முன்பக்கம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்த ஓர் இளைஞரின் படம். கீழே ஒரு புனைபெயர். ஊர், விலாசம் எதுவும் இல்லை. அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். நம் ஜில்லாக்காரர் என்று கடைக்காரர் சொன்னதைத் தவிர தனக்கும் ஒன்றும் தெரியாது என்று பதில் வந்தது. டவுனில் ரேடியோக் கடையில் விசாரித்தேன். "இதெல்லாம் யாருங்க கேக்கறாங்க?" என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் அந்தப் பெரிய தட்டு கிடைத்தது மைக் செட்டுக்காரரிடம். இரவல் போன எங்கள் சினிமாத் தட்டுகள் அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. அவற்றை மீட்கப் போன இடத்தில், பெட்டியின் மேலேயே கிடந்தது. உறையும் இல்லை ஒன்றும் இல்லை, நடுவில் அதே புனைபெயர் மட்டும் இருந்தது.

"இது எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?" என்றேன்.

"டெஸ்டிங்குக்கும்மா. கொழாய் கட்டி முடிச்சதும் மொதல்ல இதத்தான் போடுவேன். நல்ல தட்டப் போட்டா தேஞ்சுபோவும். அதுமில்லாம இது ஓடறப்ப நிறுத்தினாலும் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

ஆக, தருமபுரியில் எந்த விசேஷம் நடந்தாலும் இந்த மனிதரின் நாலு வரி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஐந்தாவது வரியைத்தான் யாரும் கேட்டதில்லை. டெஸ்டிங்குக்கு வேறு பழைய தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தேன். எங்கள் பெட்டியில் வைத்தபோது விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றியது. முன்பக்கம் தேய்ந்துபோய்க் கரகரவென்று இருந்தது. பின்பக்கம் புத்தம் புதுசு. அங்கேதான் எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடித்த பாட்டு இருந்தது: தமிழ் மட்டும் தெரிந்த மருமகனும் கன்னடம் மட்டும் தெரிந்த மாமியாரும் விருந்துச் சாப்பாட்டில் பேசிக்கொள்வது. அவர் போதும் போதும் என்கிறார். அந்தம்மா அதை இன்னும் வேண்டும் என்று எடுத்துக்கொண்டு களி உருண்டை வைத்துக்கொண்டே போகிறார். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களில் நடக்கிற கதைதான். எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மழையைப் பற்றி ஒரு நீளமான பாட்டு இருந்தது. அதை எத்தனை முறை போட்டாலும் நடுவில் எழுந்து வேறு வேலை பார்க்கத்தான் தோன்றியது.

இனிமேல் சொல்லப்போவதை நம்பாதவர்கள் உண்டு. எக்ஸ்சேஞ்சில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். அதியமான்கோட்டையிலிருந்து சேலத்துப் புளி மண்டிக்கு டிரங்க் கால் போடுவார். முதல் வகை ஆள். கத்துகிற கத்தலில் ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம். "கொட்ட எடுத்த புளிங்க! கொட்ட எடுத்தது! உங்களுக்கு இன்னா காதுல கொட்ட வெச்சிருக்குதா?" என்று மண்டிக்காரரோடு சண்டை போடுவார். மூன்று நிமிஷம் முடிந்தது என்று சொன்னால் எங்களோடும் போடுவார். புளிக்காரர் என்றே அவருக்குப் பெயர்.

ஒரு நாள் அவர் கூப்பிட்டபோது சேலம் லைன் கிடைக்கத் தாமதமானது. "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புளிக்காரர் அந்தப் பக்கம் காத்திருந்தார். காத்திருக்கிற நேரத்தில் சன்னமாக எதையோ முனக ஆரம்பித்தார். ஒயரைப் பிடித்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மாமியார் பாட்டு. மெட்டு மட்டுமில்லை, அந்த மெட்டில் ஒரு இடத்தில் குரல் ஒரு படி தவறி இறங்கினாற்போல் இறங்கும், அதுவும் அப்படியே இருந்தது.

வாடிக்கையாளரோடு சொந்தப் பேச்சு பேசக்கூடாது என்பது எங்கள் விதி. சூப்பர்வைசர் அம்மா டீ குடிக்கப் போயிருந்தார்.

"ஏனுங்க, அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முனகல் நின்றது. "எந்தப் பாட்டு?"

"களி உருண்ட பாட்டு."

கத்தாத குரலில், ஒரே ஒரு காதுக்குப் பேசுகிற அந்தக் குரலில் கேட்டார்: "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கிட்ட மூணு தட்டும் இருக்குதுங்க. நீங்கதான அது?"

"யாரு, மண்டிக்காரன் சொல்லி வெளயாடறீங்களா?"

"இல்லீங்க. உங்க கொரலுதான் சொல்லுது."

"எங்க வூட்லயே யாரும் கேக்க மாட்டாங்களேம்மா" என்றார். அதற்குள் சேலம் கிடைத்துவிட்டது. சேர்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் மண்டிக்காரரோடு சண்டையே போடவில்லை. மண்டிக்காரர்தான் பயந்துபோய், "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது வருவதாகச் சொல்லி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானும் கணவரும் அதியமான்கோட்டைக்குப் போனோம். ரோட்டோரத்தில் நீளமான ஓட்டுக் கொட்டகை. உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே வாய் ஊறியது. உறையில் இருந்த இளைஞர் இப்போது நாற்பதைத் தாண்டி, தொப்பை போட்டு, தோளில் துண்டோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டார்.

"மெய்யாலுமே வந்துட்டீங்களே!" என்று நாற்காலிகளைத் துண்டால் துடைத்தார். பெங்களூருக்குப் புளி ஏற்றிக்கொண்டு போகிற காலத்தில் அங்கே ஒரு சிநேகிதர் மூலமாக மூன்று தட்டும் போட்டதாகவும், விற்காமல் திரும்பி வந்தவை எல்லாம் பரண்மேல் கிடப்பதாகவும் சொன்னார்.

அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பத்துப் பெண், தமிழும் அழகாகப் பேசினார். "எத்தன வேணுமோ எடுத்துக்கினு போங்கம்மா. பரண் காலியானா வெங்காயமாவது போட்டு வெப்பேன்."

நான் உள்ளதைச் சொன்னேன். முதலில் கேட்டபோது வாசலே சிரித்தது, உங்களுக்கு சளி பிடித்திருக்கிறது என்று அப்பா சொன்னார், நான் உங்களை மாதிரியே பாடிக் காட்டுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் காலால் என் காலை மிதித்தார்.

பாட்டுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "உங்கப்பாரு பெரிய வைத்தியருங்க! நெசமாவே சளிதான். லாரி மேல புளி மூட்டையில படுத்துக்கினு போனேன், மார்கழிப் பனி. அன்னிக்கி வுட்டா மறுபடி எடம் கெடைக்காதுன்னாங்க. பாடிட்டேன்." பிறகு ஆர்வமாக, "எங்க, ஒரு தரம் பாடிக் காட்டுங்க" என்றார்.

பாடினேன். மூக்கை உறிஞ்சும் இடத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "உறிஞ்சறது இன்னுங் கொஞ்சம் முன்னாடி வரணும்" என்று திருத்தினார்.

என் கணவர் கோழி விஷயத்தை எடுத்தார். இரண்டு பேருக்கும் வெகுநேரம் வாக்குவாதம். பாட்டுக்காரர் அந்த வண்டியில் ஏற்றியது சொந்தத் தங்கையைத்தானாம், கோழியும் உண்மைதானாம்.

"கோழி என்னங்க ஆச்சு?" என்றார் என் கணவர்.

"கொழம்பாச்சு. வேற என்னாவும்?"

பிறகு ஆர்மோனியத்தை எடுத்தார். கொட்டகைப் பெண்கள் தட்டுவதை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் பாத்திரப் பாட்டைப் பாடினார். மழைப் பாட்டைத் தொடங்கியதும் ஒரு பெண், "இது வேணாங்க, இது முடியவே முடியாது" என்றாள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மோரைக் குடித்தேன்.

அந்த வருஷம் மே மாதம் எங்கள் ஊர் பங்குத் திருவிழாவில் அவரைப் பாடவைப்பது என்று என் கணவர் முடிவு செய்துவிட்டார். பங்குச் சாமியார், "சாமிப் பாட்டு ஒண்ணாச்சும் பாடுவாருங்களா?" என்று கேட்டார். பாட்டுக்காரரிடம் போய்க் கேட்டால், "எனக்கு சாமிப் பாட்டு வராதுங்க. புளிய மரத்துக்கு ஒண்ணு இருக்குது, பரவால்லீங்களா?" என்றார். சாமியார் யோசித்துவிட்டு, மரத்தைப் படைத்ததும் ஆண்டவர்தானே என்று சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் வளாகத்தில் பந்தல். நல்ல கூட்டம். ஏரிப் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யார் பாடப்போகிறார் என்பதையும், அன்றைக்கு வாசலில் கட்டைகள் தீர்ந்திருந்த கதையையும் அவருக்குச் சொல்லியிருந்தேன். "அந்த சளிப் பையனா? இன்னும் இருக்கறானா?" என்றார்.

முதல் பாட்டு குழாய் ஸ்பீக்கரில் அலறியது. கூட்டம் நெளிந்தது. நாலைந்து பேர் எழுந்து போனார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் கரண்டு போய்விட்டது. மைக் செட்டுக்காரர் கையை விரித்தார். பாதிக் கூட்டம் டீக்கடைப் பக்கம் கலைந்தது.

பாட்டுக்காரர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். பந்தலுக்கு நடுவே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்க" என்றார். மிச்சமிருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து சுற்றி உட்கார்ந்தோம். பாத்திரப் பாட்டை ஆரம்பித்தார். குடம் இறங்கும் இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு. கரண்டி விழும் இடத்தில் எங்கள் பெரியம்மா, "அப்பிடித்தான் போடணும்!" என்று சத்தமாகச் சொன்னார். அடுத்த வரியில் பாட்டுக்காரர் பெரியம்மாவைப் பார்த்தே பயந்து பதில் பாடினார். டீக்கடைக்குப் போனவர்கள் கையில் டம்ளரோடு திரும்பி வந்து வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். கரண்டு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. மைக்கைப் போடட்டுமா என்று மைக் செட்டுக்காரர் சைகையில் கேட்டதும் நாலைந்து பேர் சேர்ந்து வேண்டாம் என்று கை ஆட்டியதுதான் ஞாபகம் இருக்கிறது.

மொரப்பூர்ப் பாட்டை இரண்டு தரம் பாடச் சொன்னார்கள். மூன்றாம் தரம் கேட்டபோது, "நாளைக்கு மண்டிக்குப் புளி ஏத்தணுமுங்க, ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க" என்று கும்பிட்டு எழுந்துவிட்டார்.

அப்பா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுக்காரரிடம் போனார். நான் பதறிப் பின்னால் போனேன்.

"உங்களுக்குப் புளி யாவாரமுங்களாமே. பழைய புளியா, புதுசா?" என்றார்.

"புதுசுங்க. கொட்ட எடுத்தது."

"சின்ன மூட்டையா ஒரு தூக்கு அனுப்பி வையுங்க. வூட்ல தீந்துபோச்சு."

அந்த வாரமே கொட்டகை ஆள் ஒருவர் புளியைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூட்டைக்குள், பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பரண்மேல் கிடந்த பெரிய தட்டு ஒன்றும் இருந்தது. அப்பா புளியில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு, நல்ல சரக்கு என்றார். பிறகு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் போடற பொட்டி உங்க வூட்லதான இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வர்றேன். கட்டைங்கள மட்டும் புதுசா வாங்கி வையி."